ஓரம் வெட்டிய படம்

எழுபதுகளில், கல்யாணமாகி மெல்பர்ன் வந்த புதிதில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் வேலை பார்த்தேன். அங்கே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வருவார். நாடக நடிகர்களையும் சீமாட்டிகளையும் கேலி செய்து லண்டனில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான படங்களைச் சேர்ப்பவர். ஒடிசலான உடம்பு, முழங்கை தேய்ந்த கோட்டு. படத்தைச் சுற்றிய தாளைப் பிரிக்கும் முன் தொப்பியைக் கழற்றிவிடுவார். உள்ளே பெண்கள் இருக்கிறார்களாம்.

ஒருமுறை ஒரு நடிகையின் படம் கொண்டுவந்தார். அவள் கொண்டை மேடைத் திரையின் உச்சியைத் தொட்டது. அடியில் அவள் பெயரும் ஒரு நையாண்டி வரியும் இருந்தன. சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று அந்த ஓரத்தை நான் வெட்டிவிட்டேன். பழைய படத்தில் கத்தியே படக்கூடாது என்று முதலாளி கத்தியபோது, துண்டு குப்பையோடு போயிருந்தது.

அவர் வந்ததும், "சார், தெரியாம பேரை வெட்டிட்டேன்" என்றேன்.

படத்தைக் கையில் எடுத்தார். பிறகு படத்திலிருந்தவளிடம் குனிந்து சொன்னார்: "இனி நீங்கள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாதம்மா. தப்பீட்டியள்."

"என்மேல கோவமில்லையா சார்?"

"இருக்குத்தான் தங்கச்சி. அது என்ர பாடு."

வாசலில் நின்று பார்த்தேன். டிராமில் ஏறியவர், பக்கத்து இருக்கையில் அவளை ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தார். தெருவை வேடிக்கை பார்த்தபடி அவள் போனாள். தொப்பி அவர் மடியில் இருந்தது.