செட் ஆச்சா?

என் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. கட்டிலருகே ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அது தரும் ஆக்சிஜன்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் போனால் அது நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டர் அதை இழுக்காது. மூலையில் நிற்கும் சின்ன சிலிண்டர் கொஞ்ச நேரத்துக்குத்தான். பொம்மனஹள்ளியில் எங்கள் அபார்ட்மெண்டின் பேஸ்மெண்டில் இருக்கும் டீசல் ஜெனரேட்டரை நம்பித்தான் பிழைப்பு ஓடுகிறது.

எங்கள் வீடு அதற்கு நேர் மேலே. குடிவந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தைத் திட்டித் தீர்த்தவள் நான். இவர் படுத்த பிறகு அதே சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருக்கப் பழகினேன். இந்த வருஷம் மழை பிடித்த புதிதில் அது மாறியது. ஸ்டார்ட் ஆனதும் உள்ளேயிருந்து யாரோ தட்டுவதுபோல் டொக் டொக்கென்று கேட்கும், பிறகு அடங்கும். போகப் போக, அடங்க நேரம் பிடித்தது. கீழே போய்ப் பார்த்தால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். அது அணைந்தால்தான் தட்டலும் நிற்கும்.

"டீசல் இன்ஜின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும் மேடம்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டார் அசோசியேஷன் செகரட்டரி. அத்திபெலேயிலிருந்து வரும் மெக்கானிக்கைப் பிடித்து, போன சர்வீஸில் என்ன மாற்றினார் என்று கேட்டேன்.

"ஆயில் ஃபில்டர் மட்டும்தான் மேடம். செகரட்டரி சாரே வாங்கியாந்து குடுத்தாரு."

"இந்த இன்ஜினுக்கு உள்ளதா அது?"

"சைஸ் செட் ஆச்சு, மரையும் செட் ஆச்சு. அஷ்டே, அவ்ளோதான்."

செட் ஆச்சாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்: இன்ஜின் கம்பெனியுடையது ஒன்று, செகரட்டரி வாங்கிப்போன மலிவு ரகம் ஒன்று. வெளியே ஒரே நிறம், ஒரே உருவம். கையில் எடுத்தால் ஒன்று கனம், இன்னொன்று காலி டப்பா. வாய்ப்பக்கத் துளைகளில் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கனமானதில் துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம் மெத்தென்று படிந்து மூடியிருந்தது. இன்ஜின் நின்ற பிறகு எண்ணெய் கீழே இறங்காமல் பிடித்து வைப்பது அதுதானாம். மற்றதில் ரப்பர் விறைத்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் ஜெனரேட்டர் ஒவ்வொரு தடவையும் வறண்ட தொண்டையோடு எழுந்திருக்கிறது என்று புரிந்தது. நல்லதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மெக்கானிக் மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு விளக்கு உடனே அணைந்தது. தட்டல் நிற்கவில்லை.

"ஸ்வல்ப நேரம் ஓடட்டும் மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

செகரட்டரியை மீட்டிங்கில் வைத்து வாங்க எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. பழைய ஃபில்டரை அறுத்துக் காட்டச் சொன்னேன். ஹாக்ஸா பிளேடால் தகரத்தை அறுத்து, உள்ளேயிருந்த காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்தார். கறுத்த எண்ணெய்க்கு நடுவே செம்பு நிறத்தில் ஜிகினாத் தூள் மின்னியது.

"இது என்ன?"

"பேரிங் மேடம். தேஞ்சு வந்திருக்கு."

"அதான் நல்ல ஃபில்டர் போட்டாச்சே."

"இனிமே வர்றத அது புடிக்கும். போனது போனதுதான்."

இவருடைய எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டிய டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். கேட்ட சாட்சி கையில் கிடைத்துவிட்டது. ஏன் கேட்டோம் என்று இருந்தது. இன்ஜின் எத்தனை நாள் தாங்கும் என்று மெக்கானிக்கைக் கேட்டேன். ஓடுகிற வரைக்கும் ஓடும் என்றார். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்று அசோசியேஷனிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்கிறார்கள்.

மாடிக்கு வந்தேன். இவர் விழித்துத்தான் இருந்தார்.

"செட் ஆச்சா?"

"ஆச்சுங்க."

தலையை ஆட்டினார். கீழே இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் அவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கரண்ட் இருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்த குழாயைக் கழற்றித் தலையணைமேல் வைத்துவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னங்க பண்றீங்க என்று கத்திவிட்டேன். இரு என்பதுபோல் கையைக் காட்டினார். மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

"பழகிப் பாக்கறேன்" என்றார்.