பையர் வந்தால் செய்வதைத்தான் செய்தோம்

போன மாதம் எங்கள் பனியன் கம்பெனியில் இருபது குழந்தைகளை ஒளித்து வைத்தோம்.

பதறாதீர்கள். கம்பெனி வேனில் ஏற்றி, இரண்டு அம்மாக்களைத் துணைக்கு வைத்து, அவிநாசி கோயிலுக்கு அனுப்பினோம். அவ்வளவுதான். பத்தி எழுதாத நேரத்தில் நான் அங்கே பெர்சனல் ஆபீசர் என்பது உங்களுக்குத் தெரியுமே... வேன் ஏற்பாடு அடியேனுடையதுதான்.

எதற்கு இந்தப் புண்ணிய யாத்திரை? குழந்தைகள் காப்பகத்தைப் பார்க்கக் கோவையிலிருந்து ஆலோசகர் வருகிறார் - அதற்கு!

காப்பகம் என்பது போர்டில் இருக்கிற பெயர். எல்லோருக்கும் அது பால்வாடி. தையல், செக்கிங் செக்‌ஷன்களில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகள் இருபத்தாறு பேர். பார்த்துக்கொள்ள ரோஸக்கா என்கிற ஆயா ஒருவர். பால்வாடிக்கு நேர் எதிரே லாரியில் பண்டல் ஏற்றுகிற இடம்.

"ஏனுங்க சார், ஒத்தையாளா எப்பிடீங்க பாக்கறது? ஒண்ணுக்கு மூக்குத் தொடைக்கறதுக்குள்ள இன்னொண்ணு லாரிகிட்டப் போயிருதுங்க. இன்னொரு ஆளு போடுங்க" என்று ஆறு மாதமாக ரோஸக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அந்த 'இன்னொண்ணு' பெரும்பாலும் செல்வி. வயது இரண்டரை. லாரி என்றால் அவளுக்கு உயிர்.

நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "படிச்சவங்க ஒருத்தர் வந்து பாக்கட்டுங்க. ஆள் வேணும்னு அவங்க எழுதிக் குடுத்தா அன்னைக்கே போட்டுடலாம்" என்றார்.

அப்புறம் என்ன, காரியம் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் மேனேஜரை மறந்துவிட்டேன்.

வெளியிலிருந்து யார் வந்தாலும் அவருக்கு அது இன்ஸ்பெக்‌ஷன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் வருகிறார் என்றால் பழுதுள்ள பீஸ்களை உள்ளே தள்ளிவிட்டு, நல்லதை மேலே அடுக்கி வைத்துப் பழகிய கை. "பையர் வந்தா என்ன பண்றமோ அதேதானுங்க சார். அழுகாததா ஆறு எடுத்து வையுங்க" என்றார். வைத்தோம்! போதாததற்கு, இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற அக்கவுண்டன்ட் மகள்கள் இருவரையும் ஷூ போட்டுக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தோம். ரோஸக்காவுக்குப் புதுச் சேலை. கூடவே, வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு.

ஆலோசகர் மேடம் வந்தார். காட்டன் புடவை, கையில் நாலு பக்கக் கேள்வித்தாள். ஜன்னல் எத்தனை, பொம்மை எத்தனை என்று எல்லாம் கேட்டார். ஆயாவிடம் கேட்பதற்கு மட்டும் அதில் ஒரு கேள்விகூட இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஏதாவது கஷ்டம் இருக்கா சார்?" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். ரோஸக்காவும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

பத்தே நாளில் ரிப்போர்ட் வந்தது. 'குழந்தைகள் மிக அமைதியாக உள்ளனர். ஆங்கிலப் பாடல்கள் பாடுகின்றனர். ஒரு பணியாளரே போதுமானது. கற்பனைத் திறன் வளரக் களிமண் வழங்கலாம்.'

களிமண் மறுநாளே வந்தது. செல்வி அதைத் தின்றாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. ரோஸக்கா போட்ட கூச்சலில் நான் ஆபீஸை விட்டு ஓடினேன். பின்சக்கரத்தை ஒட்டி அவர் மண்ணில் விழுந்து கிடந்தார். அணைப்பில் செல்வி. ஒரு கீறல் இல்லை. ரோஸக்காவுக்குத்தான் முழங்கை முழுக்க ரத்தம். என்னைப் பார்த்ததும் செல்வியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

கம்பெனி போனில் பேசினால் மேனேஜர் காதுக்குப் போய்விடும். தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் கோவைக்கு, மேடத்துக்கு, போன் போட்டேன். கோயில், வேன், ஷூ - எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நான் கேட்டேனே சார்?"

"கேட்டீங்க."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு, "அந்த ஆயாம்மாகிட்ட நான் கேட்டிருக்கணும். நாளைக்கு வர்றேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

வந்தார். ஐந்தே நிமிடத்தில் அவர் இடுப்பில் ஒன்று ஏறிக்கொண்டது. இன்னொன்று காட்டன் புடவையில் மூக்கைத் துடைத்தது. கதவுப் பக்கம் ஓடின செல்வியைப் பிடிக்க இரண்டு தடவை ஓடினார். மத்தியானம் வரை ஃபைலைத் திறக்கவே அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. போகும்போது ரோஸக்காவிடம், "எப்படிம்மா சமாளிக்கறீங்க?" என்று கேட்டார்.

"சமாளிக்கலீங்களே" என்றார் ரோஸக்கா.

இரண்டாவது ரிப்போர்ட் இரண்டே வரி. உடனடியாக இன்னொரு ஆயா. லாரிப் பக்கம் ஒரு தடுப்பு. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. போன திங்கட்கிழமை குன்னத்தூர்ப் பெண் ஒருவர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தடுப்பும் வந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் இருந்ததை ரோஸக்காவுக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், நா ஆறு மாசமாச் சொன்னதும் இதேதானுங்களே?" என்றார்.

இதேதான் அக்கா. நீங்கள் சொன்னால் அது புலம்பல். கோவையிலிருந்து டைப் அடித்து வந்தால்தான் ரிப்போர்ட்!