லேமினேட் செய்த மருந்துச் சீட்டு

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டதாக அபிராமபுரத்தில் எங்கள் தெருவே நம்பியது. முதலில் நம்பியவள் என் மனைவி. சாமி கும்பிடாதவனைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் பொறுத்தவள். நம்பாமல் என்ன செய்வாள்?

விஷயம் இதுதான். நூறு அடி நடந்தால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுரீரென்று எரியும். முன்பக்கமாகக் குனிந்தால் தணிந்துவிடும். நடுத்தெருவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வெட்கம். நல்லவேளையாக, மயிலாப்பூருக்குக் காய்கறி வாங்கப் போகும் வழியில் பிள்ளையாருக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நிதானமாகக் குனிந்தேன். பூக்காரம்மா என்னைக் கண்டால் மரியாதையாகச் சிரிக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் பிள்ளையாரே இல்லாத இடத்தில் வலி வந்து குட்டு உடைந்தது. தபால் பெட்டி முன்னால் குனிந்து நின்ற என்னை, கூட வந்த மனைவி ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்புக்குள் நரம்பு போகிற வழியில் கொழுப்பு சேர்ந்து நெருக்குகிறது என்றார். இப்படியே விட்டால் நடையே போய்விடலாம், ஆபரேஷன் வரைக்கும் போகலாம் என்றும் சொன்னார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார்.

பெருமையோடு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வீசிங்குக்காக எப்போதோ வேறொரு டாக்டர் எழுதிய சீட்டு. கிழிந்துவிடப் போகிறதே என்று பாண்டி பஜாரில் லேமினேட் செய்திருந்தேன். ஐந்து வருஷமாக அதைக் காட்டித்தான் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் இரண்டு முறை படித்தார்.

"பத்து நாளைக்குன்னு எழுதியிருக்கே சார்."

அது ஸ்டீராய்டாம். கொழுப்பைச் சேர்த்ததே அதுதானாம். சட்டென்று நிறுத்தக் கூடாது, தான் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். வீசிங்குக்கு இன்ஹேலர் கொடுத்தார். சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி அரிவாள்மனையில் வைத்து வெண்டைக்காய் நறுக்குவதுபோல நறுக்கினாள்.

மாத்திரை நின்று, எடையும் குறைந்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து மனைவியோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பி நிற்காமல் நடந்தேன். சந்தோஷத்தில் முதல் பிள்ளையாரைத் தாண்டியதே தெரியவில்லை. மனைவி அங்கேயே நின்றுவிட்டாள்.

"வலி இல்லேன்னா நிக்க மாட்டேளா?"

கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் முகத்தில் கேலி இல்லை. திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்று, வலியில்லாமலே குனிந்தேன்.