மட்டன் கடையில் சாமி கம்பளி

சாமி கம்பளியில் புழு நெளிவதைப் பார்த்ததும் சுக்ரா விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். அரிசி அளவுகூட இல்லாத பழுப்புப் புழு, கம்பளியின் ஓரத்தில் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்தாள். பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது.

கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பங்களின் கம்பளி அது. திருவிழாவில் அதை விரித்து அதன்மேல்தான் சாமியை உட்கார வைப்பார்கள். கம்பளி இல்லையென்றால் அந்த வருஷம் திருவிழாவே இல்லை. கொண்டுவந்து கொடுத்தவர் பூசாரி திம்மராயன். "கிழிஞ்ச எடத்த மட்டும் புடிச்சுக் குடும்மா. சாமி உக்கார்ற எடம், பாத்து" என்று நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

புழு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. எல்லாம் அவளே இழுத்துவிட்டுக்கொண்டதுதான்.

சுக்ராவுக்கு இரண்டு தொழில். கார்மெண்ட்ஸில் காலர் தைத்த காலத்திலேயே வெட்டிப்போட்ட துணிகளைச் சேர்த்துத் தைத்துப் படம் செய்வாள். சிப்காட் புகைக்கூண்டு, ஷிப்ட் பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கும் பெண்கள், எல்லாம் துணியில். அதைப் பார்த்த பெங்களூர் மியூசியத்து அம்மா ஒருவர், இந்தக் கை பழந்துணிக்கு வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே பழைய துணிகளைக் காப்பாற்றும் வேலையைக் கற்றுக்கொண்டு ஓசூருக்கே திரும்பிவிட்டாள். முன்னறையில் தன் படங்கள், பின்னறையில் ஊரார் கொடுத்த பழந்துணிகள். முன்னறைத் துணி பின்னறைக்குப் போகவே கூடாது. அவள் படித்த படிப்பெல்லாம் அந்த நடுக்கதவில்தான் இருந்தது.

போன மழையில் முன்னறை ஒழுகியது. படத்துக்காக வாங்கிய பழைய ஸ்வெட்டர் மூட்டை நனைந்துவிடுமே என்று, ஒரு ராத்திரிக்குத்தானே என்று, அந்தக் கதவைத் திறந்து உள்ளே தள்ளினாள். ஸ்வெட்டரில் இருந்த புழுவுக்கு அது போதுமாயிருந்தது.

மருந்து அடித்தால் பழைய நூல் தாங்காது. கடுங்குளிரில் போட்டுத்தான் புழுவைக் கொல்ல வேண்டும். மியூசியத்துக் குளிர்பெட்டியில் இடமில்லை என்று போனில் சொல்லிவிட்டார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் தலையணைகூட நுழையாது. அவளுக்குத் தெரிந்து அத்தனை பெரிய ஃப்ரீசர் தம்பி நசருல்லாவிடம்தான் இருந்தது. அவன் வைத்திருந்தது மட்டன் கடை.

"அக்கா, தெரிஞ்சுதான் பேசறியா?" என்றான் அவன். "அவங்க சாமி கம்பளி, நம்ம கடை. எவனாச்சும் போன்ல புடிச்சுப் போட்டான்னா அப்புறம் கடையும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம்."

"வேற வழி இருந்தா நீ சொல்லுடா."

அவன் ஒரு ஃப்ரீசரைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவினான். சுக்ரா கம்பளியைக் காற்றுப் புகாமல் பாலிதீனில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து கடை வாசலில் பைக் நின்றால் பயம், கரண்ட் போனால் பயம். புழு செத்ததா என்ற கவலை போய், யார் பார்த்தார்கள் என்ற கவலைதான் மிஞ்சியது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஒருநாள் காலையில் திம்மராயன் வாசலில் நின்றார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. காப்புக் கட்டியாயிற்று என்றால் திருவிழா முடியும்வரை அவர் கறியைக் கையாலும் தொட மாட்டார்.

"சந்தைக்கு வந்தேம்மா. அப்பிடியே ஒருவாட்டி கம்பளியக் கண்ணுல பாத்துட்டுப் போலாம்னு."

பெங்களூரில் இருக்கிறது என்று சொன்னால் தீர்ந்தது. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பூட்டிய பின்னறையைப் பார்த்துக் கும்பிட்டார். சுக்ரா உடைந்துபோனாள். மூட்டை, புழு, கடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் கத்தவில்லை. "எங்க, காட்டு" என்றார்.

அவர்களைக் கண்டதும் நசருல்லாவின் கத்தி பாதி வெட்டில் நின்றது. சுக்ரா பூட்டைத் திறந்தாள். திம்மராயன் உள்ளே எட்டிப் பார்த்தார். கொக்கியில் தொங்கிய ஆட்டைப் பார்த்தார். மறுபடி கம்பளியைப் பார்த்தார்.

"அதுவும் ஆட்டுமேல இருந்ததுதானேம்மா. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். சாமி ஒண்ணும் சொல்லாது."

சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் ரோட்டைப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்தார். ஃப்ரீசர் மூடியைச் சத்தமில்லாமல் தானே சாத்தினார்.

"ஊருக்குச் சொல்ல முடியாது" என்றார் மெதுவாக. பிறகு ரோட்டுக்கே கேட்கிற மாதிரி, "தம்பி, அரைக் கிலோ கறி போடுப்பா. வூட்டுக்கு ஒறம்பரை சனம் வந்திருக்காங்க!"

காப்புக் கட்டிய கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கறிப் பையை வாங்கினார்.