மஞ்சள் அரளியா, புள்ளி இலையா

விழுப்புரத்தில் வீடு கட்டிக் குடிபோன வருடம், திண்டிவனம் சாலையோர நர்சரிகளில் நான் நிற்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. எந்தச் செடி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று படித்துத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு பித்து. மாடிப்படி நிழலில் வைத்திருந்த டைஃபன்பாக்கியா, அகல இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்தது, தென்னமெரிக்கக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்வது. தண்டை நறுக்கி நட்டாலே வேர் விட்டுவிடும். கேட்டருகே மஞ்சள் அரளி, ஆள் உயரம் தாண்டிப் புதராக நின்றது. அதன் பூவைத்தான் என் மாமியார் தினமும் சிவன் கோயிலுக்குப் பறித்துப்போவார். அதுவும் வெளிநாட்டிலிருந்து, மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த செடிதான் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் விளையாடிய இரண்டு வயது மகள் வீறிட்டாள். ஓடினேன். வாயிலிருந்து எச்சில் வழிந்தது, உதடு தடித்திருந்தது. அழுகை கரகரத்துப் பாதியில் நின்றது. கையில் ஒரு பச்சை அரளிக்காய். அதைத் தட்டிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். கணவர் பைக்கை எடுத்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி போகும்வரை அவள் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்ன செடி என்று கேட்டார். கையில் இருந்த அரளிக்காயையும், வாசல் படியோரம் புள்ளி இலைச் செடி இருப்பதையும் சொன்னேன்.

“இந்த வீக்கம் புள்ளி இலையால வந்தது. அதைச் சமாளிச்சுடலாம். அரளிக்காயையும் கடிச்சிருந்தா இதயத்துடிப்பு தாறுமாறாகும். அதைத்தான் தெரிஞ்சுக்கணும்.”

சின்ன மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். நான் வீட்டில் இருந்த மாமியாருக்குப் போன் செய்து, அரளிக்கடியில் கிடக்கும் காய்களை எல்லாம் பார்க்கச் சொன்னேன். இணைப்பைத் துண்டிக்காமலே அவர் தேடினார். சருகு மிதிபடுவது கேட்டது. கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் ஓடும் கோட்டின் மேலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கடைசியில் மாமியார் பேசினார்: “ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துட்டேம்மா. எந்தக் காயிலயும் பல்லு படல. படிகிட்ட இருக்கிற புள்ளி எலதான் ஓரத்துல கடிபட்டுக் கெடக்குது. கொழந்த எப்டி இருக்குது, சொல்லு.”

டாக்டரம்மாவிடம் சொன்னேன். தலையசைத்தார். ஆனாலும் காய் முழுசாக உள்ளே போயிருக்காது என்று நிச்சயமில்லை, காலைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். யாரும் தூங்கவில்லை. துடிப்பு ஒரே சீராக ஓடியது. விடியும் நேரம் வீக்கம் வடிந்து, மகள் பால் கேட்டாள். ஆற்றிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மாமியார் அரளியைத் தானே அரிவாளால் வெட்டிச் சாய்த்திருந்தார். அரளிப்பால் பட்ட கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்துதான் பேத்தியை வாங்கிக்கொண்டார்.