கஞ்சி வழிந்த நாள்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். என் கணவருக்கு வனத்துறையில் காவலர் வேலை. கலசப்பாக்கத்தில் வயலும் சந்தையுமாக வளர்ந்த எனக்கு, ஜீப் வந்தால்தான் வெளியுலகம் என்றிருந்த அந்த ஊர் பழகவே நாளாயிற்று. ஆனால் என் கவலை ஊரைப் பற்றியது இல்லை. என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை.

காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் புரியும். அப்பாவின் செருப்பை எடுத்து வா என்றால் ஓடிப்போய் ஜோடியாகக் கொண்டுவருவாள். வாய் மட்டும் திறக்காது. வேலூரில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு கோளாறும் இல்லம்மா, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு வைத்தியம். நாக்கில் வசம்பு தேய்த்தேன், தேன் தடவினேன், கோயிலில் மணி கட்டினேன். வசம்பைத் துப்பினாள், தேனைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள், பேசவில்லை. "ஊமையா?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதிலுக்கு நாலு வார்த்தை சூடாகக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவேன்.

அந்த ஊரில் ஒரு பால்வாடி இருந்தது. ஓடு போட்ட ஒரே அறை, பக்கத்தில் சமையலுக்குச் சுவரோடு சாய்த்துக் கட்டிய ஒரு சார்ப்பு. போளூரிலிருந்து வந்து ஊரிலேயே தங்கியிருந்த டீச்சர் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். மகளைச் சேர்க்கப் போன அன்றே, "இது பேசாதுங்க டீச்சர். நீங்கதான் பாத்துக்கணும்" என்றேன். டீச்சர் மண்டிபோட்டு மகளின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "ஜன்னலாண்ட உக்கார்றியா, கதவாண்ட உக்கார்றியா?" என்று கேட்டார். மகள் ஜன்னலைக் காட்டினாள். கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

பால்வாடி என்றால் பிள்ளைகளை அடைத்துப்போட்டு, கத்தினால் அதட்டி, கஞ்சி ஊற்றி அனுப்பும் இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அடிக்கடி வாசலில் போய் நிற்பேன். அங்கே நடந்ததே வேறு. புளியங்கொட்டையையும் புங்கங்கொட்டையையும் கலந்து கொட்டிவிட்டு, தனித்தனியாகப் பிரிக்கச் சொல்வார் டீச்சர். முற்றத்து மணலில் விரலால் கோடு இழுக்கவைப்பார். மூக்கு ஒழுகும் பிள்ளையைத் திட்டமாட்டார். துடைத்துவிட்டு, அடுத்த முறை அதுவே துடைத்துக்கொள்ள ஒரு துணித்துண்டைச் சட்டையில் ஊக்கு மாட்டித் தொங்கவிடுவார். அம்மாக்கள் சாமைக்காட்டுக்குப் போயிருப்பார்கள். ஏங்கி அழுகிற பிள்ளை டீச்சரின் இடுப்பில் இருக்கும், கதை அது பாட்டுக்கு நடக்கும். என் மகளும் பாட்டுக்குக் கைதட்டினாள், கொட்டை பிரித்தாள், மற்ற பிள்ளைகளோடு உருண்டு விளையாடினாள். சத்தம் மட்டும் வரவில்லை.

கஞ்சி வேளையில் அங்கே ஒரு சட்டம் உண்டு. சமைக்கிற ஆயா கோதுமைக் கஞ்சியை நன்றாக ஆறவைத்து ஒரு சின்ன வாளியில் ஊற்றித் தருவார். பிள்ளைகளில் ஒருவர் முறைவைத்து, குவளையால் மொண்டு ஒவ்வொரு தட்டிலும் ஊற்ற வேண்டும். தட்டுக்கு உரியவர் வாயைத் திறந்து "போதும்" என்று சொல்கிறவரை நிறுத்தக்கூடாது. சொன்ன பிறகு ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. தன் வயிற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று பிள்ளையே தெரிந்து சொல்லட்டும் என்பார் டீச்சர்.

என் மகளுக்கு மட்டும் அந்தச் சட்டம் நடக்கவில்லை. அவள் தட்டின்மேல் கையைக் குவிப்பாள். உடனே பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "அதுக்குப் போதுமாம்!" என்று கத்துவார்கள். அவ்வளவு பாசம். நானும் வாசலில் நின்று நெகிழ்ந்துபோவேன். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று.

ஒருநாள், வேறு மலையூரிலிருந்து மாமன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு சிறுமியைப் புதிதாகச் சேர்த்தார்கள். நாலு வயதிருக்கும். வந்த அன்றைக்கே டீச்சர் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்து அவளைப் பரிமாறவைத்தார். போலீஸ்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாளியைத் தூக்கினாள் அந்தப் பெண். வரிசையாக ஊற்றிக்கொண்டே என் மகளிடம் வந்தாள். ஒரு குவளை, இன்னொரு குவளை. மகள் வழக்கம்போல் கையைக் குவித்தாள்.

"கைய எடு. வாயால சொல்லு" என்றாள் அந்தப் பெண்.

மற்ற பிள்ளைகள் கத்த வாயெடுத்தார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அறையே அடங்கிப்போயிற்று. மகள் கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணோ சட்டம் பேசுகிறவள், தலையாட்டல் எல்லாம் அவளிடம் செல்லாது. மறுபடி ஊற்றினாள். கஞ்சி தட்டின் விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. சார்ப்பிலிருந்து எட்டிப்பார்த்த ஆயா, "இன்னாடி இது, கஞ்சி தரையில ஓடுது!" என்று பதறினார். இன்னொரு குவளை விழுந்தது. மகளின் பாவாடை நனைந்தது.

வாசலில் நின்றிருந்த நான் உள்ளே பாய்ந்தேன். டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆறிப்போன கஞ்சிதாங்க்கா. சுடாது. கொஞ்சம் இருங்க" என்றார் காதோடு. எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே ஒரு தள்ளு தள்ளியிருப்பேன். அந்த நேரம் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எப்போதும்போல அவளுக்காக நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள். என் வாய் துடித்தது. டீச்சரின் பிடி இன்னும் இறுகியது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

மகள் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். குவளை மறுபடி சாய்ந்தது. முகம் சிவக்க, அந்த அறையே அதிரும்படி, "போதும்டி!" என்றாள்.

எல்லாப் பிள்ளைகளும் முதலில் சொல்வது அம்மா என்பார்கள். என் பெண் 'டி' போட்டுச் சண்டையோடு ஆரம்பித்தாள். யார் வாயைக் கேட்டு வளர்ந்தாள் என்று சந்தேகமே வேண்டாம்!

அந்தச் சின்னப் பெண் அசரவே இல்லை. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள். பிள்ளைகள் எல்லாம் எழுந்து குதிக்க, ஆயா கரண்டியும் கையுமாக ஓடிவந்து, "பேசிட்டாளா? மெய்யாலுமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். நான் கஞ்சி வழிந்த தரையிலேயே உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா ஏன் அழுகிறாள் என்று புரியாமல் அவள் மிரண்டுபோய் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு டீச்சரிடம், "எப்படிங்க டீச்சர்?" என்று கேட்டேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "எனக்கே உள்ளுக்குள்ள நடுக்கம்தாங்க்கா. எல்லாரும் சேர்ந்து அவளுக்காகப் பேசிப் பேசி, அவளுக்கு வேலையே இல்லாம பண்ணிட்டோமோன்னு தோணிக்கினே இருந்திச்சு. உங்க பொண்ணு பேசாதுன்னு இந்தப் புதுப் பொண்ணுகிட்ட யாராச்சும் சொல்றதுக்குள்ள அவ கையில வாளியக் குடுத்துட்டேன்" என்றார்.

அன்று என் கணவர் வீடு திரும்பியதும் மகளைத் தூக்கிச் சுற்றினார். "போதும்" என்றாள். அந்த மனிதர் நிறுத்தினால்தானே! அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக, பாதி கலசப்பாக்கத்துப் பேச்சும் பாதி மலைப் பேச்சுமாக வந்துகொண்டே இருந்தது.

எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. யாராவது குழந்தையை முன்னால் நிறுத்தி, "இது யாருகிட்டயும் பேசாது" என்று ஆரம்பித்தால், நான் அதைக் காதில் வாங்காதவள் போலக் குனிந்து, "உம் பேரு இன்னா கண்ணு?" என்று அந்தக் குழந்தையிடமே கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.