அடை கலைந்த முட்டைகள்

வாளையாருக்குத் தெற்கே பழனாத்தாளின் தோட்டத்தில் அந்த வருஷம் மாடுகளை உண்ணி பிடுங்கித் தின்றது. வேப்பெண்ணெய் பூசினாள், சாம்பல் தேய்த்தாள், ஒன்றுக்கும் அடங்கவில்லை. ஒரு கன்று செத்தே போனது. அப்போதுதான் மலைத் தோட்டத்துக்கு அரிசி வண்டி ஓட்டும் அவள் தம்பி ஆறுச்சாமி, துரை பங்களாவிலிருந்து புள்ளி இறகுச் சீமைக்கோழியான கிண்ணிக்கோழியின் எட்டு முட்டைகளைத் தவிட்டில் புதைத்துக் கொண்டுவந்தான். மேய்கிற இடத்திலெல்லாம் உண்ணியைப் பொறுக்கித் தின்றுவிடும் என்றான்.

புருஷன் நஞ்சப்பன் சிரித்தான். "தொரை ஊட்டுக் கோழி நம்மூட்டு உண்ணியத் திங்குமாக்கும்!"

அந்த வாயை அடைக்கவாவது குஞ்சு பொரித்தாக வேண்டும் என்று பழனாத்தாள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு எதிலும் அவசரம், கூடவே கொஞ்சம் பேராசை. வீட்டில் அடைக்குக் கிடந்த ஒரே கோழியின் அடியில் எட்டையும் வைத்தவள், இடம் இருக்கிறதே என்று நாட்டுக்கோழி முட்டை ஆறையும் சேர்த்துத் தள்ளினாள். இருபத்தோராம் நாள் அந்த ஆறும் பொரிந்தன. மறுநாள் காலை தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குக் கிளம்பிவிட்டது. கிண்ணி முட்டைகள் எட்டும் கூடையில் அநாதையாய்க் கிடந்தன.

"எல்லாம் கூமுட்டை. வீசியெறி" என்றான் நஞ்சப்பன்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முட்டையை மிதக்கவிட்டாள். தண்ணீர் அடங்கிய பிறகும் அது தானாகவே அசைந்தது. உள்ளே உயிர் இருக்கிறது! இந்த ஜாதிக்கு இன்னும் சில நாள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சூடு ஆறினால் எட்டும் போச்சு. கோழியைப் பிடித்து வந்து அமுக்கி உட்காரவைத்தாள். வெளியே குஞ்சுகள் கத்தியதும் அது அவள் கையைக் கொத்திவிட்டு ஓடியது.

அப்போது பக்கத்தில் அடையிலிருந்த இன்னொரு கோழி செல்லாத்தாளுடையது. செல்லாத்தாள் வேறு யாருமல்ல, கொழுந்தன் பெண்டாட்டி. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. பழனாத்தாளின் கோழிகள் அவள் வெங்காயப் பாத்தியைக் கிளறிப்போட்டதிலிருந்து ஒரு வருஷமாய் இருவருக்கும் பேச்சில்லை. அவள் முகத்தில் விழிப்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மகராசி பழனாத்தாள்தான். இப்போது வீம்பு பார்க்க நேரம் ஏது? முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"செல்லா..." என்றாள். மடியைப் பிரித்துக் காட்டினாள்.

செல்லாத்தாள் முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, சண்டைய அப்பறம் போட்டுக்கலாம். மொதல்ல கொண்டாங்க, ஆறிப்போகுது!" என்று தன் கோழியைத் தூக்கி, அதன் அடியிலிருந்த முட்டைகளை வெளியே எடுத்தாள்.

"ஐயோ, உன்ற முட்டை?"

"நேத்துத்தான் வெச்சேனுங்க. கொளம்புக்கு ஆச்சு."

அதன் பிறகு ஐந்து நாள் பழனாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் நாள் காலை வேலிக்கு மேலே குரல் கேட்டது. "அக்கா, ஓடியாங்க! ஏழு பொரிஞ்சிருச்சுங்க!"

ஓடினாள். கோழியின் இறக்கைக்குள்ளிருந்து வரிவரியாய்க் குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். செல்லாத்தாளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

குஞ்சுகள் அந்தக் கோழியைத்தான் அம்மா என்று நம்பின. பிரித்தால் பிழைக்காது. ஆகவே தினமும் காலையில் ஊறவைத்த கம்போடு பழனாத்தாள் செல்லாத்தாள் வீட்டுக்குப் போனாள். குஞ்சுகள் தின்று முடித்து வெகுநேரம் ஆன பிறகும் திரும்பமாட்டாள்.